பட்டாபி பெயர் நீக்கிய பாட்டு

இதை எழுதுகிறவன் பட்டாபியை முதலில் சந்தித்தது ஒரு கழிப்பறைக் குழாயின் புண்ணியத்தில். கயத்தாறுக்குப் பக்கத்து ஊரிலிருந்து, வம்சத்திலேயே முதல் டிகிரியை வாங்கிக்கொண்டு, பரீட்சை எழுதித் தேறி, கொல்கத்தாவில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளனாகச் சேர்ந்த புதிது. குழாயை மாற்றித் தருகிறேன் என்று இழுத்தடித்த ஒப்பந்தக்காரருக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார்கள். படித்த படிப்பு முழுவதும் அதில் தெரிந்தாக வேண்டும் என்று, 'நீர் ஒரு பொய்யர்' என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்து ஒரு முழுப் பக்கம் எழுதிக்கொண்டு போனான்.

சூப்பரிண்டென்டென்ட் பட்டாபிராமன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படித்தார். அலுவலகம் முழுக்க அவருக்குப் பட்டாபி என்றுதான் பேர்.

"நன்னா எழுதியிருக்கேப்பா. காலேஜ்ல இங்கிலீஷ் மெயினா?"

"இல்ல சார், பிஎஸ்சி மேக்ஸ். எங்க குடும்பத்துல நாந்தான் மொத..."

"தெரியறது. கோபமெல்லாம் கணக்கா இருக்கு."

முதல் வரியை அடித்துவிட்டு மேலே எழுதினார்: 'தங்கள் தரப்புக் கூற்று நிலவரத்துடன் முழுமையாகப் பொருந்தவில்லை எனத் தெரிகிறது.'

"பொய்யன்னு எழுதினா சண்டைக்கு வருவான். பொருந்தலைன்னு எழுதினா, தப்பு யார் மேலன்னு அவனே உக்காந்து யோசிப்பான்" என்றார்.

குழாய் அந்த வாரமே மாறியது.

பட்டாபிக்கு அதுதான் தொழில், அதுதான் சுபாவம். ஒரு வாக்கியத்திலிருந்து ஆளை வெளியே அனுப்பிவிட்டால் வம்பும் அவன் பின்னாலேயே போய்விடும் என்று நம்புகிறவர். வீட்டில்கூட 'நீ காபியில சர்க்கரை போடலை' என்று அவர் வாய் சொன்னதில்லை. "காபியில சர்க்கரை சேர்க்கப்படலை போலிருக்கு" என்பார்.

"யாரால சேர்க்கப்படலைன்னும் சொல்லிடுங்கோளேன்" என்பாள் அவர் மனைவி நாகலட்சுமி.

ஹூப்ளி, ஜபல்பூர் என்று ஊர் ஊராக மாற்றலாகி கொல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தபோது மகள் மேக்னா ஒன்றாம் வகுப்பு. அதன் பிறகு எப்படியோ இங்கேயே நங்கூரம் போட்டுவிட்டார்கள். லேக் கார்டன்ஸில் ரயில் பாதையை ஒட்டிய சந்தில் வாடகை வீடு. மேக்னா படித்து முடித்து இப்போது ஐடி கம்பெனியில் இருக்கிறாள். வங்காளத்தில் சண்டை போடுவாள், ஆங்கிலத்தில் வேலை பார்ப்பாள், பசித்தால் மட்டும் தமிழ் பேசுவாள்.

ஓய்வு பெற இரண்டு வருடம்கூட இல்லாத நிலையில், மாற்றல் பட்டியலில் பட்டாபியின் பேர் வந்தது. ஊர் பிலாஸ்பூர்.

"நான் வரலை" என்றாள் நாகலட்சுமி. "மூட்டை கட்டி மூட்டை கட்டியே என் இடுப்பு போச்சு. இந்தச் சந்துல மீன்காரிகூட எனக்கு சிநேகம். நான் மீனே வாங்கறதில்லை, ஆனாலும் தினம் நின்னு பேசிட்டுத்தான் போறா. பிலாஸ்பூர்ல எனக்கு யாரு இருக்கா?"

"நான் இருப்பேனே."

"அதான் சொல்றேன்."

ஓய்வு பெறும் வரை கொல்கத்தாவிலேயே இருத்திக்கொள்ளும்படி பட்டாபி மனுப் போட்டார். முடிவெடுக்க வேண்டியவர் மண்டலத் தலைவர் வெங்கடராமன். அரசு அலுவலகத்தில் முடிவெடுக்கும் உரிமை உள்ளவருக்குக் காம்பிடென்ட் அத்தாரிட்டி என்று பேர். உரிமை உண்டு என்றுதான் அதற்கு அர்த்தம்; முடிவெடுப்பார் என்று அர்த்தமில்லை. வெங்கடராமனிடம் போன எந்த ஃபைலும் ஓரத்தில் 'ப்ளீஸ் டிஸ்கஸ்' என்று பச்சை மையில் எழுதப்பட்டுத் திரும்பி வரும். டிஸ்கஸ் பண்ணலாம் என்று போனால் மீட்டிங்கில் இருப்பார். மீட்டிங் முடிந்து போனால் சாப்பாட்டில் இருப்பார். பட்டாபியின் மனுவும் அப்படியே போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. ஒரு தப்பும் நேராமல், ஒருவர் வாயிலும் விழாமல், பெரியவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது ஒரு கையெழுத்து வாங்கிவிட வேண்டும். பட்டாபியின் உலகம் அந்தக் கையெழுத்தளவுக்குச் சுருங்கிப் போயிருந்தது.

மேக்னா பாட்டு எழுதியது அந்தச் சமயத்தில்தான்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு குளம். கொஞ்ச நாளாக அது ஒரு பக்கமாக மெலிந்துகொண்டு வந்தது. இடித்த கட்டடக் குப்பையை லாரியில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். கொட்டுவது சந்து கிளப்பின் செக்ரட்டரி ஷொந்து-தாவின் லாரி ('தா' என்றாலும் 'தாதா' என்றாலும் இங்கே அண்ணன்தான்). கொட்டச் சொல்வது தபன் பாபு. இந்த ஊரில் வீடு கட்டி விற்கிறவருக்குப் புரோமோட்டர் என்று பேர். தபன் பாபு அந்த ஏரியாவின் பெரிய புரோமோட்டர். வரப்போகும் அடுக்குமாடிக்கு இப்போதே 'லேக் வியூ' என்று பெயர் வைத்து போர்டு நட்டிருந்தார். சந்துவாசிகள் எழுதாத புகார் இல்லை. ஆளும் கட்சி எதிர்க்கட்சியைக் கைகாட்டியது. எதிர்க்கட்சி எதிர்த்தது, ஆனால் ஷொந்து-தாவோடு கேரம் ஆடுவதை நிறுத்தவில்லை.

மேக்னா கல்லூரி நாளிலிருந்தே வங்காளத்தில் ராப் பாடுகிறவள். ஜாதவ்பூர் பக்கம் ஒரு காபிக் கடையில் சனிக்கிழமைகளில் மைக் பிடிப்பாள். பஸ் கட்டணம், வேலையில்லாத பட்டதாரி, தேர்தலுக்குத் தேர்தல் வெள்ளையடிக்கப்படும் அதே சுவர் என்று எதையாவது எடுத்து விளாசுவாள். சந்தில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. துர்கா பூஜை முடிந்ததும் பந்தல் மேடையைப் பிரிப்பதற்கு முன்னால் பிஜொயா சம்மிலனி என்று ஒரு கலை நிகழ்ச்சி நடக்கும். வீட்டுக்கொரு பிள்ளை பாடியாக வேண்டும். மேக்னாவிடம் ஷொந்து-தா வந்து கேட்டான்.

"இந்த வருஷம் என்ன பாடற?"

"நானே எழுதினது."

"பிரமாதம்" என்று சொல்லி, 'நவீன கீதம்' என்று குறித்துக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவள் ஒத்திகை பார்த்தபோது பட்டாபி தோசையை அப்படியே வைத்துவிட்டார். இரண்டாம் வரியில் ஷொந்து-தா. மூன்றாம் வரியில் தபன் பாபு. நான்காம் வரியில் வார்டு கவுன்சிலரின் மைத்துனர். லாரி நம்பர்கூட எதுகையோடு வந்தது.

"மேக்னா, இதைப் பாடப்போறியா?"

"ஆமா."

"மேடையில? மைக்ல?"

"தூர் அப்பா, பின்ன பாத்ரூம்லயா?" 'சே, போ' என்பதற்கு அவள் வாயில் வங்காளத் 'தூர்'தான் வரும்.

"கவர்மென்ட் சர்வன்ட் வீட்டுல இருந்துண்டு... என் மனு மேல இருக்கு, தெரியுமோ இல்லையோ? எவனாவது ஒருத்தன் பெட்டிஷன் போட்டா, நடத்தை விதின்னு ஒண்ணு இருக்கு, வெங்கடராமன் அதை வச்சுண்டு டிஸ்கஸே பண்ணாம என்னை ரயிலேத்திடுவார்."

நாகலட்சுமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எட்டு வருஷம் பாட்டு டீச்சராத்துக்கு நடையா நடந்தேனே, ஊரானை வையறதுக்கா கத்துண்டே?"

"தாளம் எங்கேர்ந்து வந்ததுன்னு நெனச்ச அம்மா?"

பாடாதே என்று சொன்னால் பாடுவாள் என்பது பட்டாபிக்குத் தெரியும். அதனால் அவர் தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தார். "குடு, டிராஃப்டைப் பாக்கறேன்" என்று கை நீட்டினார்.

மேக்னா சிரித்துக்கொண்டேதான் கொடுத்தாள். பட்டாபி பேனாவைத் திறந்தார். 'ஷொந்து-தா லாரி வந்தது' என்பதில் ஷொந்து-தாவை அடித்தார். தபன் பாபுவை அடித்தார். மைத்துனரை அடிக்கும்போது பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது. லாரி நம்பரை எடுத்தார். எல்லோரையும் அப்புறப்படுத்திய பிறகு பார்த்தால், பல்லவியில் திட்டு வாங்குவதற்கு ஆளே இல்லாமல் ஒரு பொத்தல் விழுந்திருந்தது. சற்று யோசித்து, முப்பது வருடப் பழக்கத்தில் கை தானாக எழுதியதை அங்கே எழுதினார்: காம்பிடென்ட் அத்தாரிட்டி.

"அப்பா, இது ராப். சர்க்குலர் இல்ல. ராப்னா பேரைச் சொல்லிக் கேக்கணும். மானே... அதாவது, அதுக்குத்தான் ராப்பே."

"பேரைச் சொன்னா ஒருத்தனுக்குத்தான் வலிக்கும். வக்கீல் வச்சுண்டு வருவான். இதுல யாரு வர முடியும்? யாரு பேரும் இல்லையே."

மேக்னா வெறுத்துப்போய், கேலி செய்வதற்காகத்தான் அதை மேசையில் தட்டிப் பாடிக் காட்டினாள். காம்பிடென்ட், அத்தாரிட்டி. இன்னொரு முறை தட்டினாள். மூன்றாம் முறை அவள் முகத்திலிருந்த கேலி போய்விட்டது. அடுப்படி வாசலில் நின்ற நாகலட்சுமி தன்னையறியாமல் கரண்டியால் கதவு நிலையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சரியா உக்கார்றதே" என்றாள்.

வங்காளத்தில் இருந்த பாட்டைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்:

நேத்து இங்க குளம் இருந்தது, குளத்துல மீன் இருந்தது,
இன்னிக்கு லாரி வந்தது, லாரி நிறையக் கல் வந்தது.
நாளைக்கு நாலு மாடி நிக்கும், பால்கனி வச்ச வீடு,
பேரு லேக் வியூ, அண்ணே, அந்த லேக் எங்கேன்னு தேடு.
யாரு பாத்தா, யாரு கேட்டா, யாரு போட்ட பூட்டு?
காம்பிடென்ட் அத்தாரிட்டி, முடிவு ஒண்ணு காட்டு.

பட்டாபி அதோடு நிறுத்தியிருக்கலாம். பேனா திறந்திருந்தது, தோசையும் ஆறிப்போயிருந்தது. "ரெண்டாவது பாரா வீக்கா இருக்கு" என்று சொல்லி, புகார் போன பிறகு என்ன ஆயிற்று என்பதை அவரே எழுத ஆரம்பித்தார். அவருக்கா தெரியாது?

எழுதிப் போட்டாச்சு, நினைவூட்டலும் போட்டாச்சு,
ப்ளீஸ் டிஸ்கஸ்னு ஓரத்துல எழுதியும் வந்தாச்சு.
டிஸ்கஸ் பண்ணப் போனாக்க சார் மீட்டிங்குல உண்டு,
மீட்டிங் முடிஞ்சு வந்தாக்க சார் சாப்பாட்டுல உண்டு.

"அப்பா" என்றாள் மேக்னா, காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு. "நீ இவ்வளவு நாளா எங்க இருந்த?"

"செக்‌ஷன்ல" என்றார் பட்டாபி. அவருக்கு ஒரு மாதிரி வெட்கமாக இருந்தது. பேர் எதுவும் இல்லை என்பதை மறுபடி ஒரு முறை சரிபார்த்து, கீழே சிறிதாகக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். பழக்கதோஷம்.

நிகழ்ச்சியன்று முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஷொந்து-தா, தபன் பாபு, கவுன்சிலரின் மைத்துனர் மூவரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எதிர்க்கட்சியின் வட்டச் செயலாளர் மட்டும் கொள்கை காரணமாக உட்காராமல் ஃபிஷ் ஃப்ரை கடையோரம் நின்றார். ஒரு பல் டாக்டர் நீளமாக ஒரு கவிதை ஒப்பித்து முடித்ததும் மேக்னா வந்தாள். பட்டாபி கடைசி வரிசையில், பந்தல் மூங்கிலுக்குப் பின்னால், பாதி முகம் மறையும்படி நின்றார்.

முதல் நான்கு வரி முடியும் வரை முன்வரிசை நவீன கீதத்துக்கு உரிய முகத்தோடு தலையாட்டிக்கொண்டிருந்தது. பல்லவி வந்தது. காம்பிடென்ட் அத்தாரிட்டி என்றதும் ஷொந்து-தா மெல்லத் திரும்பி தபன் பாபுவைப் பார்த்தான். தபன் பாபு மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் கழுத்தை வளைத்து ஃபிஷ் ஃப்ரை கடையைப் பார்த்தார். வட்டச் செயலாளர் வாயில் இருந்ததை மெல்லாமல் நிறுத்தினார். பின்னால் இருந்த ஜனங்களுக்கு இந்தப் பார்வை ஊர்வலம் நன்றாகத் தெரிந்தது. இரண்டாம் முறை பல்லவி வந்தபோது சந்தே சேர்ந்து பாடியது. பல் டாக்டர் எழுந்து நின்று பாடினார். மேக்னா கையை நீட்டி ஒருவரையும் காட்டவில்லை. காட்ட வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

"நான் சொன்னேன் பார்த்தியா, யாருக்கும் ஒரு பாதகமும் இல்லை" என்றார் பட்டாபி வீட்டுக்கு வந்ததும்.

மறுநாள் விடிந்ததும் ஷொந்து-தா வாசலில் நின்றான்.

"பட்டாபி-தா, பாட்டு பிரமாதம். மேக்னா சந்துக்கே பெருமை சேர்த்துட்டா." செருப்பைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அது என்னைப் பத்தித்தானே?"

"உன் பேரே அதுல இல்லையேப்பா."

"அதான் தாதா. பேர் இருந்திருந்தா இல்லேன்னு சொல்லியிருப்பேன். இப்ப நான் போய் இல்லேன்னு சொன்னா, உன்னை யாருடா கேட்டான்னு சிரிக்கறாங்க. டீக்கடையில எனக்கு டீ குடுக்கறப்பவே 'இந்தாங்க அத்தாரிட்டி'ன்னு குடுக்கறான்."

அவன் போன பின் தபன் பாபு இனிப்புப் பெட்டியோடு வந்து அதையே கேட்டார். மைத்துனர் ஆள் அனுப்பிக் கேட்டார். வட்டச் செயலாளர் மட்டும், அது கண்டிப்பாகத் தன்னைப் பற்றி இல்லை என்று எழுதித் தர முடியுமா என்று கேட்டார். அந்த வார இறுதிக்குள் நான்கு பேரும் தனித்தனியாகக் குளத்தைக் காப்போம் என்று பேனர் கட்டினார்கள். ஷொந்து-தாவின் பேனர்தான் பெரிது. லாரி வருவது நின்றது.

பட்டாபி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அலுவலகம் போனார். அதற்குள் யாரோ எடுத்த வீடியோ கொல்கத்தா தமிழர்களின் வாட்ஸாப் குழுக்களில் ஒரு சுற்று வந்திருந்தது. மேசையில் ஒரு சீட்டு காத்திருந்தது. பச்சை மை. ப்ளீஸ் டிஸ்கஸ்.

அன்றைக்கு வெங்கடராமன் மீட்டிங்கில் இல்லை. சாப்பாட்டிலும் இல்லை. நாற்காலியில் இருந்தார்.

"உக்காருங்கோ பட்டாபி. இது உங்காத்துப் பொண்ணுதானே?" என்று போனைத் திருப்பிக் காட்டினார்.

"ஆமா சார்."

"தாளம் தப்பாம பாடறா." வீடியோவை இரண்டாவது பாராவில் நிறுத்தினார். "ப்ளீஸ் டிஸ்கஸ்னு வரதே, அது யாரு?"

"யாரும் இல்லை சார். குளத்து விஷயம். பொதுவா எழுதினது."

"இந்த மண்டலத்துல காம்பிடென்ட் அத்தாரிட்டி எத்தனை பேர் இருக்கா?"

பட்டாபி வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுற்றி வளைக்க வழியில்லாத ஒரு கேள்வியைச் சந்தித்தார். "ஒருத்தர்தான் சார்."

"என் சம்சாரம் காலையிலேர்ந்து அதைப் பாடிண்டேதான் குக்கர் வைக்கறா. அமெரிக்காவுலேர்ந்து பையன் போன் பண்றான், 'அப்பா, நீங்க ஃபேமஸ் ஆயிட்டேளே'ன்னு." வெங்கடராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் பேரைப் போட்டிருந்தா உங்களுக்கு ஒரு மெமோ குடுத்திருப்பேன். இப்ப எப்படிக் குடுக்கறது? குடுத்தா அது நான்தான்னு நானே ஒத்துண்ட மாதிரி ஆயிடும்."

"பொண்ணை மன்னிப்புக் கேக்கச் சொல்றேன் சார்."

"யார்கிட்ட கேப்பா? என்கிட்ட கேட்டாலும் அதேதானே." மணியை அடித்தார். "ஃபைல் எல்லாத்தையும் கொண்டு வரச் சொல்லுங்கோ. முடிவெடுக்காத ஆள்னு என்னைச் சொல்லப்படாது."

அன்று மத்தியானம் அந்த அலுவலகம் கண்டதை அதற்கு முன்னால் கண்டதில்லை. உள்ளே போன ஃபைல் மூச்சு விடுவதற்குள் வெளியே வந்தது. பியூன்கள் தாழ்வாரத்தில் மோதிக்கொண்டார்கள். எப்போதோ செத்துப்போனவர் கேட்ட சைக்கிள் முன்பணம்கூட அனுமதிக்கப்பட்டது. சாயங்காலம் பட்டாபியின் மனு வந்தது. 'கோரிக்கை ஏற்கப்படவில்லை. உடனடியாக விடுவிக்கப்படலாம்.' கீழே கையெழுத்து. ஓரத்தில் வேறு எதுவும் இல்லை.

வீட்டில் அவர் அந்த வாக்கியத்தை அப்படியே சொன்னார்.

"யாரால ஏற்கப்படலையாம்?" என்று கேட்ட நாகலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பரணிலிருந்து பழைய டிரங்குப் பெட்டியை இறக்கினாள். ஒரே ஒரு பெட்டியைத்தான் இறக்கினாள்.

மேக்னா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என்னாலதானே அப்பா?"

"அப்படிச் சொல்ல முடியாது. மாட்டிண்டது ரெண்டாவது பாராவுல. அது நான் எழுதினது."

"வீடியோவை எடுக்கச் சொல்லட்டுமா? யார் போட்டதுன்னு கண்டுபிடிச்சுடலாம்."

பட்டாபி யோசித்தார். போனை வாங்கி, பல்லவி வரும் இடத்துக்குத் தள்ளி, இன்னொரு தரம் கேட்டார். சந்து முழுக்கப் பாடுவது அதில் கேட்டது.

"வேண்டாம். முடிவெடுன்னு கேட்டோம், எடுத்துட்டார். நம்ம பக்கம் முடிவெடுன்னு நாம கேக்கலையே" என்றார். பிறகு, "ஆனா ஒண்ணு. மூணாவது பாரா இல்லாம பாட்டு சட்டுனு முடிஞ்ச மாதிரி இருக்கு" என்றார்.

ஹவுராவில் ரயிலேற்ற ஷொந்து-தாவும் வந்தான். பெட்டியை அவனே தூக்கிக்கொண்டு போய் சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு, பட்டாபியின் காதருகே குனிந்து, "போறதுக்கு முன்னாடி உண்மையைச் சொல்லிட்டுப் போங்க தாதா" என்றான். பட்டாபி அவன் தோளில் தட்டிக்கொடுத்தார்.

பட்டாபி இப்போது பிலாஸ்பூரில் ஒற்றை அறை அரசுக் குடியிருப்பில் இருக்கிறார். அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். சாதம் குழையாமல் வடிக்க வருகிறது, ரசம் இன்னும் வரவில்லை. நாகலட்சுமியும் மேக்னாவும் லேக் கார்டன்ஸ் வீட்டிலேயே இருக்கிறார்கள். குளம் பாதி இருக்கிறது. மேக்னா சனிக்கிழமைகளில் பாடுகிறாள். பாட்டுகளை வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு அனுப்புகிறாள், அவர் திருத்தி அனுப்புகிறார்.